எரிந்தது நூலகம், அச்சானது போஸ்டர்: போரில் கலைச்சின்னங்கள் எப்படி ஆயுதமாகின்றன?

1940 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் தீக்குண்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்தன. டெய்லி மெயில் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஹெர்பர்ட் மேசன் அலுவலகக் கூரையில் கேமராவோடு காத்திருந்தார். புகை சற்றே விலகிய ஒரு கணத்தில், செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் பெரிய குவிமாடம் தெரிந்தது. சுற்றிலும் நெருப்பு, நடுவில் அது மட்டும் அசையாமல் நின்றது. மேசன் படம் எடுத்தார்.

இரண்டு நாள் கழித்து டெய்லி மெயில் அந்தப் படத்தை வெளியிட்டது. ‘எவ்வளவு அடித்தாலும் லண்டன் விழாது’ என்பதற்கு அந்தப் படமே அடையாளமாகிப் போனது. சில வாரங்கள் கழித்து, 1941 ஜனவரியில், பெர்லினில் வெளியான ஒரு பிரபல பட வார இதழும் அதே படத்தைப் போட்டது. அங்கே செய்தி வேறு: ‘லண்டன் எரிகிறது!’

அதே கட்டடம், அதே தீ, அதே இரவு. ஆனால் ஒரு நாட்டுக்கு அது நம்பிக்கை, இன்னொரு நாட்டுக்கு வெற்றிக் கொண்டாட்டம்.

உங்க போன்ல இப்போ வர்ற போர்ப் படங்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. இடிந்த மசூதி, எரிந்த தேவாலயம், உடைந்த சிலை, கூடவே நாலு வரி கேப்ஷன். நாம் அதைப் பார்த்து கொதிக்கிறோம், ஃபார்வர்டும் செய்கிறோம். இந்த வழக்கத்துக்கு வயது நூற்றுக்கும் மேல். ஆரம்பித்தது வாட்ஸ்அப்பில் அல்ல, சுவரில். அது எப்படி வேலை செய்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பார்க்கலாம்.

முதலில், லூவனில் என்ன நடந்தது?

முதல் உலகப் போர் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பிரான்ஸைத் தாக்கப் போகும் வழியில், நடுநிலை நாடான பெல்ஜியத்துக்குள் ஜெர்மன் ராணுவம் நுழைந்தது. 1914 ஆகஸ்ட் 19 அன்று லூவன் என்ற பல்கலைக்கழக நகரம் அதன் கைக்கு வந்தது. முதல் சில நாட்கள் அமைதியாகவே போயின.

ஆகஸ்ட் 25 இரவு எங்கோ துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ‘பொதுமக்கள் மறைந்திருந்து நம்மைச் சுடுகிறார்கள்’ என்று ஜெர்மன் வீரர்கள் நம்பினார்கள். அதன் பிறகு நடந்தது பழிவாங்கல். அடுத்த சில நாட்களில் நகரத்தில் 248 பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் 1,500 பேர் ரயிலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார்கள். வீடுகள் தெருத் தெருவாக எரிக்கப்பட்டன. பல்கலைக்கழக நூலகமும் எரிந்தது.

அந்த நூலகத்தில் சுமார் 2,30,000 நூல்கள் இருந்தன. கூடவே இடைக்காலத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளும், அச்சு இயந்திரம் வந்த தொடக்க காலத்தில் அச்சான அரிய புத்தகங்களும் இருந்தன. அச்சுப் புத்தகம் போனால் வேறு ஊரிலிருந்து ஒரு பிரதி தேடலாம். கையெழுத்துப் பிரதி போனால் போனதுதான்.

இதைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்திருக்கும். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஓலைச்சுவடிகளுக்கு ஏது இரண்டாவது பிரதி? நாடு வேறு, காலம் வேறு. ஆனால் ஒரு நூலகம் எரிந்தால் ஒரு சமூகம் ஏன் தலைமுறை தாண்டியும் அதை மறப்பதில்லை என்பதைத் தமிழ் வாசகர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சரி, பொதுமக்கள் உண்மையிலேயே சுட்டார்களா? ஜான் ஹார்ன், ஆலன் கிரேமர் என்ற இரு வரலாற்றாசிரியர்கள் இரு தரப்பு ஆவணங்களையும் ஆராய்ந்து 2001இல் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார்கள். திட்டமிட்ட மக்கள் தாக்குதல் என்று எதுவும் நடக்கவில்லை, பதற்றமும் வதந்தியும் சேர்ந்து வீரர்களை அப்படி நம்பவைத்தன என்பதே அவர்கள் வந்தடைந்த முடிவு. 1914இன் அந்தச் சில மாதங்களில் பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் ஜெர்மன் ராணுவத்தால் கொல்லப்பட்ட பொதுமக்கள் சுமார் 6,500 பேர்.

இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ரீம்ஸ்: போஸ்டரில் இடம் கிடைக்காத காட்சி

லூவன் எரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிரான்ஸின் ரீம்ஸ் நகரத் தேவாலயம், அந்நாட்டு மன்னர்கள் பல நூற்றாண்டுகளாக முடிசூடிக்கொண்ட இடம். செப்டம்பர் 19 அன்று ஜெர்மன் பீரங்கிக் குண்டுகள் அதன் மீது விழுந்தன. பழுதுபார்ப்புக்காகக் கட்டியிருந்த மரச்சாரம் தீப்பிடித்தது, தீ கூரைக்குப் பரவியது, கூரையில் வேய்ந்திருந்த ஈயம் உருகி வழிந்தது. முகப்பில் இருந்த புகழ்பெற்ற ‘புன்னகைக்கும் தேவதை’ சிலையின் தலை உடைந்து விழுந்தது.

‘கோபுரத்தில் ஏறி நின்று பிரெஞ்சுக்காரர்கள் எங்களை வேவு பார்த்தார்கள்’ என்றது ஜெர்மனி. ‘பொய்’ என்றது பிரான்ஸ். தலையில்லாத தேவதையின் படம் அஞ்சலட்டையாகவும் போஸ்டராகவும் உலகம் முழுக்கப் போனது.

போஸ்டரில் வராத காட்சி ஒன்றும் உண்டு. அன்று தேவாலயத்துக்குள் வைக்கோல் மேல் படுத்திருந்தவர்கள் காயம்பட்ட ஜெர்மன் வீரர்கள். பின்வாங்கும்போது அவர்களை அங்கே விட்டுவிட்டு ஜெர்மன் படை போயிருந்தது. தன் நாட்டுக் குண்டால் மூண்ட தீயிலேயே அவர்களில் சிலர் இறந்தார்கள். மற்றவர்களை வெளியே கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுப் பாதிரியார்கள்.

இந்தக் காட்சி ஏன் போஸ்டராகவில்லை? போஸ்டருக்கு ஒரு வில்லன், ஒரு பலி, ஒரு கட்டளை போதும். எதிரியின் காயத்துக்குக் கட்டுப்போடும் பாதிரியாரை வைத்து ஆள் சேர்க்க முடியாதே!

அதே வாரத்தில் போர் நம் ஊருக்கும் வந்தது. செப்டம்பர் 22 இரவு ‘எம்டன்’ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கிச் சுட்டது. எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, மக்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். அந்தக் குண்டுவீச்சை நினைவூட்டும் கல்வெட்டு உயர் நீதிமன்ற வளாகத்தில் இன்றும் இருக்கிறது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் தாத்தா, பாட்டி சொல்வார்களே, அந்த வார்த்தை இங்கிருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் அரசு எதிரியை அரக்கனாகக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், சென்னை மக்களின் பேச்சில் அதே எதிரியின் கப்பல் ‘சாமர்த்தியசாலி’ என்ற பொருளைப் பெற்றுவிட்டது. பிரசாரம் நினைத்த இடத்திலேயே போய் விழும் என்று சொல்ல முடியாது.

ஏன் போஸ்டர்?

அப்போது டிவி கிடையாது. வீட்டு ரேடியோவும் வரவில்லை. பத்திரிகை படிக்க எழுத்தறிவு வேண்டும், காசும் வேண்டும். சுவருக்கு இரண்டும் வேண்டாம். வண்ண அச்சு மலிவாகியிருந்தது, சோப்பும் பிஸ்கட்டும் விற்ற ஓவியர்கள் தயாராக இருந்தார்கள்.

அரசுக்கு இரண்டு விஷயம் அவசரமாகத் தேவைப்பட்டது: ஆள், பணம். 1916 வரை பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை இல்லை. இளைஞர்கள் தாமாக வந்து சேர வேண்டும். அதனால்தான் ‘பெல்ஜியத்தை மறக்காதே, இன்றே சேர்’ என்ற போஸ்டர்கள் வந்தன. முன்னால் கம்பீரமாக ஒரு வீரன், பின்னால் எரியும் ஊரிலிருந்து குழந்தையோடு ஓடிவரும் ஒரு தாய்.

நமக்கு இந்த இலக்கணம் புதுசில்லை. ஓடுற பஸ்ஸிலிருந்து ஒரு சினிமா போஸ்டரைப் பார்த்தாலே ஹீரோ யாரு, வில்லன் யாரு, சண்டை எதுக்குன்னு மூணு செகண்ட்ல புரிஞ்சுடும் இல்லையா? போர் போஸ்டரின் வேலையும் அந்த மூன்று நொடியில் முடிகிறது. ‘ஆனால்’, ‘ஒருவேளை’ போன்ற சொற்களுக்கு அதில் இடம் கிடையாது.

அந்த மூன்று நொடிக்குக் கலைச்சின்னம் மிகவும் பொருந்தும். முன்பின் தெரியாத கிராமத்தில் பலர் இறந்தார்கள் என்றால் மனம் அதை எண்ணாகத்தான் பதிவு செய்யும். தெரிந்த கோபுரம் எரிந்தால் அது முகமாகப் பதியும். மேலும் கட்டடத்தின் படம் பார்க்கச் சகிக்காத அளவுக்குக் கோரமாக இருக்காது, எந்தச் சுவரிலும் ஒட்டலாம். முக்கியமாக, எதிரி நம்மோடு மட்டும் சண்டை போடவில்லை, நாகரிகத்தோடேயே சண்டை போடுகிறான் என்று சொல்லிவிடலாம்.

ஜெர்மனி என்ன பதில் சொன்னது?

1914 அக்டோபர் 4 அன்று 93 ஜெர்மன் அறிஞர்கள் ‘நாகரிக உலகுக்கு’ என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன், குவாண்டம் இயற்பியலின் தந்தை மேக்ஸ் பிளாங்க், வேதியியலாளர் ஃப்ரிட்ஸ் ஹேபர் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். லூவனில் எங்கள் படை கொடூரமாக நடந்துகொண்டது என்பது உண்மையல்ல என்றது அறிக்கை. சிலர் அறிக்கையை முழுதாகப் படிக்காமலே பெயரைக் கொடுத்திருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. ஐன்ஸ்டைன் இதில் சேரவில்லை. இதற்கு எதிரான இன்னொரு அறிக்கையில் கையெழுத்திட்ட மிகச் சிலரில் அவர் ஒருவர்.

படித்தவர்கள் பிரசாரத்தில் ஏமாற மாட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம். அன்றைய உலகின் மிகக் கூர்மையான மூளைகள் சில, சரிபார்க்காமல் ‘ஷேர்’ செய்த கதை இது.

1916இல் ஓவியர் லூயி ஓப்பன்ஹைம் ‘நாங்களா காட்டுமிராண்டிகள்?’ என்று ஒரு போஸ்டர் செய்தார. அதில் ரத்தமும் இல்லை, அரக்கனும் இல்லை. ஜெர்மனி, இங்கிலாந்து, பிரான்ஸ் மூன்றையும் ஒப்பிடும் வரைபடங்கள்தான்: எழுத்தறிவின்மை, கல்விச் செலவு, அச்சான புத்தகங்கள், நோபல் பரிசுகள். இன்றைய மொழியில் சொன்னால் ஒரு இன்ஃபோகிராஃபிக்.

எண்களில் தவறு இருந்ததா இல்லையா என்பது முக்கியமில்லை. ‘நூலகத்தை எரித்தீர்களா?’ என்பது கேள்வி. ‘நாங்கள் நிறையப் புத்தகம் அச்சிடுகிறோம்’ என்பது பதில். சரியான டேட்டாவை வைத்தே கேள்வியைத் திசைதிருப்ப முடியும். ஆபீஸ் மீட்டிங்ல இப்படி ஒரு ஸ்லைடு நீங்களும் பார்த்திருப்பீங்க!

அமெரிக்கா வந்ததும் என்ன மாறியது?

1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. சில நாட்களிலேயே ஜார்ஜ் கிரீல் தலைமையில் பொதுத் தகவல் குழு என்ற அரசு அமைப்பு உருவானது. நாட்டின் முன்னணி ஓவியர்கள் அதற்காகப் படம் வரைந்தார்கள். குழுவுக்கு வெளியேயும் போஸ்டர்கள் குவிந்தன.

அவற்றில் இன்றுவரை பேசப்படுவது ஹாரி ஹாப்ஸ் வரைந்தது. ஜெர்மன் ராணுவத் தொப்பி அணிந்த ராட்சத கொரில்லா ஒன்று அமெரிக்கக் கரையில் கால் வைக்கிறது. ஒரு கையில் மயங்கிக் கிடக்கும் பெண். மறு கையில் ரத்தம் தோய்ந்த கட்டை, அதன் மேல் ‘குல்டூர்’ என்ற சொல். ஜெர்மன் மொழியில் அதற்குப் பண்பாடு என்று பொருள். பின்னணியில், கடலுக்கு அப்பால், இடிந்து கிடக்கும் ஐரோப்பிய நகரம். ‘இந்த வெறிபிடித்த மிருகத்தை அழி, படையில் சேர்’ என்பது கட்டளை.

லூவனும் ரீம்ஸும் இங்கே என்ன ஆயின என்று பாருங்கள். அவை இனி ஊர்களாக இல்லை. பெயர் இல்லாத பின்னணி இடிபாடாகச் சுருங்கிவிட்டன. முன்னால் நிற்கும் எதிரியோ மனிதன் என்ற நிலையையே இழந்துவிட்டான். கொரில்லாவோடு யாராவது பேச்சுவார்த்தை நடத்துவார்களா?

அடுத்த கட்டம் இன்னும் சுவாரசியம். 1918இல் போர்க்கடன் பத்திர விற்பனைக்காக ஜோசப் பென்னல் வரைந்த போஸ்டரில் எரிவது நியூயார்க். சுதந்திர தேவி சிலைக்குத் தலை இல்லை, மேலே விமானங்கள். இப்படி எதுவும் நடக்கவில்லை. அட்லான்டிக்கைத் தாண்டி வந்து குண்டு போடக்கூடிய விமானமே அப்போது ஜெர்மனியிடம் இல்லை. ஆனாலும் அந்தப் போஸ்டர் சுமார் 20 லட்சம் பிரதிகள் அச்சானது. உண்மையில் தலை இழந்தது ரீம்ஸின் தேவதை. கற்பனையில் அந்த வெட்டு அமெரிக்காவின் சொந்தச் சிலையின் கழுத்துக்கு வந்துவிட்டது. அந்தப் போர்க்கால, போர்முடிவுக் கடன் பத்திரங்கள் மூலம் அமெரிக்க அரசு திரட்டிய மொத்தத் தொகை சுமார் 2,100 கோடி டாலர்.

அப்படியென்றால் எல்லாம் பொய்யா?

இல்லை. இந்தக் கதையின் சிக்கலான இடம் இதுதான்.

லூவன் எரிந்தது உண்மை. 6,500 பேர் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் உண்மை மட்டும் போதாது என்று பிரசாரம் நினைத்தது. ‘குழந்தைகளின் கைகளை வெட்டினார்கள்’ போன்ற கதைகள் சேர்ந்துகொண்டன. 1915 மேயில் பிரிட்டன் வெளியிட்ட பிரைஸ் குழு அறிக்கை உண்மையான படுகொலைகளையும், சத்தியப்பிரமாணம் இல்லாமல் பெறப்பட்ட சரிபார்க்காத சாட்சியங்களையும் ஒரே கட்டாகக் கட்டி உலகுக்கு அனுப்பியது. 30 மொழிகளில் அது வெளியானது.

போர் முடிந்தது. வெட்டப்பட்ட கைகளைத் தேடிப் போனவர்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 1928இல் பிரிட்டிஷ் எம்.பி. ஆர்தர் பான்சன்பி போர்க்காலப் பொய்களைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். மக்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள்? ‘எல்லாமே கட்டுக்கதை.’ பொய்க் கைகளோடு சேர்த்து உண்மையான 6,500 பேரையும் உலகம் குப்பையில் போட்டது.

அதன் விலை 1942இல் தெரிந்தது. யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்படுகிறார்கள் என்ற தகவல் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் வந்தபோது, அதிகாரிகளிலும் பத்திரிகையாளர்களிலும் பலர் தயங்கினார்கள். போன போரில் இப்படித்தானே ஏமாந்தோம் என்ற நினைப்பும் அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம். இந்த முறை செய்தி உண்மை.

ஹாப்ஸின் கொரில்லாவையும் ஜெர்மனி மறக்கவில்லை. 1939இல் நாஜிகள் அதே படத்தைத் தங்கள் போஸ்டருக்குள் வைத்து அச்சிட்டார்கள். ‘25 வருஷத்துக்கு முன் நம்மை மிருகம் என்றார்கள் பார்’ என்பதே சாரம். எதிரியை இழிவுபடுத்த வரைந்த படம், எதிரி நாட்டிலேயே ஆள் திரட்டப் பயன்பட்டது.

லூவன் நூலகம் மறுபடி எழுந்ததா?

எழுந்தது. அழிந்த நூல்களுக்கு ஈடாக ஜெர்மனி நூல்கள் தர வேண்டும் என்று வெர்சாய் ஒப்பந்தத்தின் 247ஆவது பிரிவு சொன்னது. அமெரிக்க நன்கொடையில் புதிய கட்டடம் வந்தது. அதைக் கட்டிய அமெரிக்கக் கட்டடக் கலைஞர் விட்னி வாரன், ‘ஜெர்மானிய வெறியால் அழிந்தது, அமெரிக்கக் கொடையால் எழுந்தது’ என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்றை முகப்பில் பொறிக்க விரும்பினார்.

பல்கலைக்கழகத் தலைமை மறுத்தது. கல்விக்கூடத்தின் வாசலில் வெறுப்பை நிரந்தரமாக எழுதிவைக்க வேண்டாம் என்பது ஒரு தரப்பு. நடந்ததை ஏன் மறைக்க வேண்டும் என்பது மறு தரப்பு. நகரமே இரண்டுபட்டது, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 1928 ஜூலை 4 அன்று நூலகம் திறக்கப்பட்டபோது அந்த வாசகம் அங்கே இல்லை.

போஸ்டரைக் கிழித்துவிடலாம், கல்லில் பொறித்ததை என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு லூவன் யோசித்துப் பதில் சொன்னது. ஆனால் 1940 மேயில், இரண்டாம் உலகப் போரில், அந்த நூலகம் மறுபடி எரிந்தது. இந்த முறை சுமார் 9 லட்சம் நூல்கள் அழிந்தன. போருக்குப் பின் மீண்டும் கட்டினார்கள், இன்று மாணவர்கள் அங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ‘நல்லவர்கள்’ என்ன செய்தார்கள்?

1942 மார்ச்சில் பிரிட்டிஷ் விமானப்படை, மர வீடுகள் நிறைந்த ஜெர்மனியின் பழமையான லூபெக் நகரத்தை எரித்தது. பதிலுக்கு ஜெர்மனி எக்ஸிடர், பாத், நார்விச், யார்க், கேன்டர்பரி போன்ற வரலாற்று நகரங்களைத் தாக்கியது. பேடெக்கர் என்ற சுற்றுலாக் கையேட்டில் மூன்று நட்சத்திரம் பெற்ற கட்டடங்களை எல்லாம் தாக்குவோம் என்று ஜெர்மன் அதிகாரி ஒருவர் பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். இதைக் கேட்டு எரிச்சலடைந்தவர் யார் தெரியுமா? பிரசார அமைச்சர் கோயபல்ஸ். தாக்கியதற்காக அல்ல, வெளியே சொன்னதற்காக. எதிரி நாட்டுப் போஸ்டர்காரருக்குத் தலைப்பை இலவசமாக எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டதே!

இந்தியாவுக்கு நேரடித் தொடர்புள்ள சம்பவம் இத்தாலியில் நடந்தது. ரோமுக்குத் தெற்கே மான்டே காசினோ மலையுச்சியில், 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் நிறுவிய மடாலயம். அதன் கீழே 1944 பிப்ரவரியில் தாக்குதலுக்கு நின்றது 4ஆவது இந்திய டிவிஷன். மலை மேலிருக்கும் கட்டடத்தைத் தகர்க்காமல் என் ஆட்களை ஏற்ற முடியாது என்று அதன் தளபதி ஃபிரான்சிஸ் டக்கர் வலியுறுத்தினார். ராஜபுதனப் படையினரும் கூர்க்காக்களும்தான் அந்தச் சரிவில் ஏற வேண்டியவர்கள். கலைச்சின்னங்களை மதிக்க வேண்டும், ஆனால் கட்டடமா வீரர்களின் உயிரா என்று வந்தால் உயிரே முக்கியம் என்று நேச நாட்டுத் தளபதி ஐசன்ஹோவரும் ஏற்கெனவே உத்தரவிட்டிருந்தார்.

பிப்ரவரி 15 அன்று 200க்கும் மேற்பட்ட விமானங்கள் மடாலயத்தைத் தரைமட்டமாக்கின. உள்ளே ஜெர்மன் படை இல்லை. இருந்தவர்கள் துறவிகளும் தஞ்சம் புகுந்த இத்தாலிய மக்களும். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்த மக்கள்தான். குண்டு விழுந்தபோது இந்திய டிவிஷனின் முழுத் தாக்குதல் தயாராகவே இல்லை, அது நடக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் ஜெர்மன் வீரர்கள் இடிபாடுகளுக்குள் புகுந்து அவற்றையே கோட்டையாக்கிக்கொண்டார்கள். மலை பிடிபட்டது மே 18 அன்று, போலந்துப் படையால். ஜெர்மானியர்கள் உள்ளே இருக்கவில்லை என்று அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வ வரலாறு 1969இல் ஒப்புக்கொண்டது.

ஜெர்மன் பிரசாரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மடாலயத்தின் நூல்களையும் ஆவணங்களையும் சில மாதங்களுக்கு முன்பே ஜெர்மன் அதிகாரிகள் இருவர் முயற்சியெடுத்து ரோமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதுவும் உண்மைதான். ‘காப்பாற்றியது நாங்கள், அழித்தது அவர்கள்’ என்று வானொலி முழங்கியது. அதே ஆண்டு இத்தாலிய பாசிச ஓவியர் ஜீனோ பொக்கசிலே ஒரு போஸ்டர் வரைந்தார். கறுப்பின அமெரிக்கச் சிப்பாய் ஒருவன், வீனஸ் சிலையைக் கட்டிப்பிடித்து நிற்கிறான், சிலை மேல் விலை எழுதியிருக்கிறது: 2 டாலர். அந்த வீனஸ் இத்தாலியில் இருந்ததே இல்லை, அது பிரான்ஸின் சொத்து. ஆனால் போஸ்டர் பேசியது சிலையைப் பற்றியல்ல, தோல் நிறத்தைப் பற்றி. கலைமேல் காட்டும் அக்கறை என்ற போர்வைக்குள் இனவெறி எப்படி ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

போஸ்டர் வரைந்தவர் சட்டம் எழுதிய கதை

ரஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக், 1914இல் லூவன் செய்தி கேட்டு ஜெர்மன் பேரரசரை ‘மனிதகுலத்தின் எதிரி’ என்று சாடும் போஸ்டரை வரைந்தவர். ஆனால் போஸ்டரோடு அவர் நிற்கவில்லை. எந்த நாடு தாக்கினாலும், எந்த நாட்டுச் சின்னமாக இருந்தாலும் அதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு யோசனையை முன்வைத்து, பல ஆண்டுகள் அரசுகளின் கதவைத் தட்டினார். மருத்துவமனைக்குச் செஞ்சிலுவைக் கொடி இருப்பதுபோல் கலைச்சின்னத்துக்கும் ஒரு கொடி: வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டம், அதற்குள் மூன்று சிவப்புப் புள்ளிகள்.

1935 ஏப்ரல் 15 அன்று வாஷிங்டனில் அமெரிக்கக் கண்டத்தின் 21 நாடுகள் ‘ரோரிக் உடன்படிக்கை’யில் கையெழுத்திட்டன. அப்போது ரோரிக்கின் வீடு இருந்தது இமாச்சலப் பிரதேசத்தின் நக்கரில். 1947இல் அங்கேயே காலமானார். மணாலி டிரிப் போறவங்க அந்த வீட்டை இப்பவும் அருங்காட்சியகமா பார்க்கலாம். அவர் மகன் ஸ்வெதோஸ்லாவும் நடிகை தேவிகா ராணியும் மணந்து வாழ்ந்த பண்ணை, பெங்களூரு கனகபுரா சாலையில் இருக்கிறது.

அந்த யோசனை 1954இல் ஹேக் உடன்படிக்கையாக விரிந்தது. நீலமும் வெள்ளையும் கலந்த கேடயம் அதன் அடையாளம். இந்தியாவும் இதில் உறுப்பு நாடு. ஆனால் ‘தவிர்க்க முடியாத ராணுவத் தேவை’ இருந்தால் விலக்கு உண்டு. மான்டே காசினோவில் கேட்ட அதே வாதம் சட்டத்துக்குள்ளும் ஒரு ஜன்னலாக இருக்கிறது.

சட்டம் பல்லில்லாதது என்றும் சொல்லிவிட முடியாது. மாலி நாட்டின் டிம்பக்டுவில் 2012இல் புனிதர் சமாதிகளை இடிக்கச் செய்த அல் மஹ்திக்கு, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016இல் 9 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கலைச்சின்ன அழிப்பை மட்டுமே குற்றமாக வைத்து அந்த நீதிமன்றம் நடத்திய முதல் வழக்கு அது.

இன்று என்ன மாறியிருக்கிறது?

லூவனில் அழித்தவர் ‘நான் செய்யவில்லை’ என்றார். 2015இல் சிரியாவின் பல்மைராவில் ஐ.எஸ். அமைப்பு பழங்காலக் கோயில்களை வெடிவைத்துத் தகர்த்து, அந்தப் படங்களைத் தானே வெளியிட்டது. அழிவே போஸ்டராகிவிட்டது. நாம் கோபத்தோடு பகிர்ந்த ஒவ்வொரு முறையும் அந்த போஸ்டர் இன்னொரு சுவரில் ஒட்டப்பட்டது. அந்த ஊரின் தொல்லியலுக்காக வாழ்நாளைக் கொடுத்த, 80 வயதைக் கடந்த காலித் அல் அசாத் அதே மாதம் கொல்லப்பட்டார். தூண்கள் விழும் வீடியோ போன அளவுக்கு அவர் பெயர் போகவில்லை.

அப்போ, படம் வந்தா பார்க்கவே கூடாதா? அப்படியில்லை. அழிவுக்குச் சாட்சி வேண்டும். லூவனைப் பற்றி யாரும் பேசாமல் இருந்திருந்தால் 248 பேர் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த முறை ஃபார்வர்ட் பட்டனுக்கு விரல் போகும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று, இது எங்கே, எப்போது எடுத்த படம்? பழைய இடிபாடு புதிய போருக்கு வாடகைக்கு வருவது சகஜம். ரிவர்ஸ் இமேஜ் தேடலுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.

இரண்டு, ஃப்ரேமில் இல்லாதவர் யார்? ரீம்ஸில் அது காயம்பட்ட எதிரி. காசினோவில் அது தஞ்சம் புகுந்த மக்கள்.

மூன்று, இது என்னை என்ன செய்யச் சொல்கிறது? ஒரு செயலைக் கண்டிக்கச் சொன்னால் அது செய்தியாக இருக்கலாம். ஒரு இனத்தையோ மதத்தையோ மொத்தமாக மிருகமாக நினைக்கச் சொன்னால், அது ஹாப்ஸின் கொரில்லா.

நான்கு, நம் தரப்பு இதையே செய்தால் நான் என்ன சொல்வேன்? 93 அறிஞர்கள் தவறியது இந்த இடத்தில்தான்.

ரீம்ஸ் தேவாலயத்தைச் செப்பனிடச் சுமார் 20 ஆண்டுகள் ஆயின. சிதறிய துண்டுகளைச் சேர்த்து தேவதையின் தலையை மீண்டும் பொருத்தினார்கள். 1962 ஜூலையில் பிரெஞ்சு அதிபர் டி கோலும் ஜெர்மன் பிரதமர் அடினாயரும் அங்கே ஒரே வழிபாட்டில் அருகருகே நின்றார்கள். ஒரு காலத்தில் வெறுப்பைப் பரப்பப் பயன்பட்ட கட்டடம், அதே இரண்டு நாடுகளும் சமாதானம் சொல்லிக்கொள்ளத் தேர்ந்தெடுத்த இடமாகவும் ஆனது. லண்டன் படத்தைப் போலத்தான் இதுவும். கட்டடம் ஒன்றுதான். அதன் மேல் என்ன எழுதுவது என்பதை முடிவு செய்தவர்கள் மனிதர்கள்.